பெனிகீஸ் கடலியல் பள்ளி

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மாசசூசெட்ஸ் மாகாணக் கடலோரத்திலுள்ள பெனிகீஸ் என்னும் சிறு தீவில், ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் லூயி அகஸி 1873ஆம் ஆண்டுக் கோடையில் தொடங்கிய களப் பள்ளி. கடலுயிர்களைக் கடற்கரையிலேயே கற்பிக்கும் பயிற்சிகளுக்கு அந்நாட்டில் முன்னோடியாக விளங்கியது.

தீவையும் 50,000 டாலர் நிதியையும் ஜான் ஆண்டர்சன் என்ற நியூயார்க் வணிகர் தானமாக வழங்கினார். ஆடவரும் பெண்டிருமாக ஏறத்தாழ ஐம்பது ஆசிரியர்கள் மாணாக்கராகச் சேர்ந்தனர். கட்டடங்கள் முற்றுப்பெறாதிருந்தமையால் தொடக்க நாளில் ஒரு பழைய களஞ்சியமே சபா மண்டபமாயிற்று.

நூலில் எழுதப்பட்டதை மனனம் செய்வதினும் இயற்கையைப் பிரத்தியட்சமாகக் கண்டறிவதே மெய்யான சாஸ்திரப் பயிற்சி என்பது அகஸியின் சித்தாந்தமாதலின், படகேறிக் கடலடியை வாரியெடுத்த வலையில் அகப்பட்ட பிராணிகளை மாணாக்கர் தொட்டிகளில் உயிரோடு வைத்து நோக்கியும், அறுத்து அவயவங்களை ஆராய்ந்தும், கண்டவாறே சித்திரம் தீட்டியும் பயின்றனர்.

அவ்வாண்டு டிசம்பரில் அகஸி காலமானார். அவர் புதல்வர் அலெக்சாந்தர் 1874இல் மீண்டும் வகுப்பை நடத்தினார். அதன்பின் பள்ளி மூடப்பட்டது. எனினும், அங்குப் பயின்ற சார்லஸ் ஓடிஸ் விட்மன், 1888இல் நிறுவப்பெற்ற உட்ஸ் ஹோல் கடலுயிரியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராகி, அம்மரபை நிலைபெறச் செய்தார். இரு கோடைகளே நடைபெற்ற ஒரு பள்ளிக்கு இதனினும் உயர்ந்த பயன் வேறில்லை.