தகர வில்லையும் வாயிற்கதவும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தென்னிந்தியக் கிராமத்தை விட்டு இலங்கையின் தேயிலை மலைகளுக்குப் புறப்பட்ட தொழிலாளியிடம் ஒரு தகர வில்லை கொடுக்கப்பட்டது. தோட்டத்தைக் குறிக்கும் எண் அதில் பொறிக்கப்பட்டிருந்தது. அவனுடைய பெயர் இல்லை. வில்லையைக் காட்டினால் வழி திறக்கும். பயணச் செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். ஆளை அறிந்து கதவு திறக்கவில்லை, அடையாளத்தைக் கண்டு திறந்தது. இவ்வேறுபாட்டை வாசகர்கள் சற்று நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

உள்ளே வருவதற்குத் தகர வில்லை என்றால், வெளியேறுவதற்குத் 'துண்டு'. இவ்வளவு கடன், இதைத் தீர்த்தால் ஆளை விடுவிப்போம் என்று துரை எழுதித் தரும் சீட்டு அது. அச்சீட்டு இல்லாதவனை வேறொரு தோட்டம் ஏற்காது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. வாயிற்கதவை ஒழிக்கவில்லை. தோட்டம் தனியார் நிலம். தொழிற்சங்கம் பேச வருபவன் அத்துமீறி நுழைந்தவனாவான். எனினும் கோ. நடேசய்யர் துணி வியாபாரியாக வேடமிட்டு உள்ளே சென்றார் என்பதை மலையகம் நன்கறியும். துணிமூட்டைக்காரனைத் துரைமார் தடுப்பதில்லை அல்லவா?

1940 மே மாதத்தில் பதுளைக்கு அருகே வேவெஸ்ஸ தோட்டத்தில் கதவின் கதையே தலைகீழாயிற்று. தொழிலாளர் தாமே தெரிந்தெடுத்த குழுவுடன் கலந்து நிர்வாகம் நடத்தத் துரை இணங்க நேர்ந்தது. ஒழுங்கை நிலைநாட்ட வந்த பொலிசாரின் ஆயுதங்களைத் தொழிலாளர் பறித்தனர். பின்னர் பெருவெள்ளம் ஊவாவைப் பிற பகுதிகளிலிருந்து துண்டித்தது. உதவிக்கு எவரும் வரவியலாத அந்த நாட்களில்தான் பொலிஸ் அடக்குமுறை வேலைநிறுத்த அலையை நசுக்கியது.

இன்று வாயிற்காவல் கணினிக்குள்ளும் புகுந்துவிட்டது. தொலைவிலிருந்து அலுவலகக் கணினிகளை அடைய விரும்புவோரைச் சோதித்து அனுப்ப 'வாயில் மென்பொருள்' இருக்கிறது. கடவுச்சொல்லை ஒருமுறை சரிபார்த்தபின், அது ஒரு தற்காலிக அடையாளத்தை வழங்கிவிடும். அதன்பின் அவ்வடையாளமே ஆள். 2023 அக்டோபரில் வெளிப்பட்ட சிட்ரிக்ஸ் வாயிலின் குறை இங்கேதான் இருந்தது. அளவு மீறி நீண்ட வேண்டுகோள் ஒன்றை அனுப்பினால், அவ்வாயில் தன் நினைவகத்தில் கிடந்தவற்றையும் சேர்த்துப் பதிலாக அனுப்பியது. அவற்றுள் பிறருடைய அடையாளங்களும் இருந்தன. எடுத்தவனுக்குக் கடவுச்சொல் தேவைப்படவில்லை. திருத்தத்தை நிறுவியவர்களும் முற்றாகத் தப்பவில்லை. பழைய அடையாளங்களை ரத்துச் செய்யும்வரை திருடியவன் உள்ளேயே இருந்தான். தகர வில்லையின் குணம் இதுவேயன்றோ!

நம் நாட்டில் அதே ஆண்டு ஆகஸ்டில் அரசின் மின்னஞ்சல் சேவை தாக்கப்பட்டது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் அழிந்தன. ஓடிக்கொண்டிருந்தது, தயாரித்த நிறுவனமே பராமரிப்பை நிறுத்திவிட்ட 2013ஆம் ஆண்டு மென்பொருள். புதுப்பிக்கப் பணமில்லை என்றார்கள். லயத்துக் கூரையைப் பற்றியும் இதையேதான் சொல்லுவார்கள்.

அதற்கு முன் நடந்தது இன்னும் வியப்பானது. 1000 ரூபா நாட்சம்பளம் கேட்டு 2021 பெப்ரவரி 5ஆம் நாள் தோட்டங்கள் வேலையை நிறுத்தின. மறுநாள் இலங்கையின் இணையப் பெயர்ப்பதிவகம் ஊடுருவப்பட்டது. முகவரிப் பலகை மாற்றப்பட்டதால், இலங்கைக் கூகிள் பக்கத்தைத் தேடியவர்கள் வேறொரு பக்கத்தில் போய் நின்றனர். தேயிலைத் தொழிலாளரின் நிலையும் பத்திரிகைச் சுதந்திரமும் அங்கே பேசப்பட்டன. அந்த ஊடுருவலை நாம் பாராட்டவில்லை. அதே ஓட்டை வழியே நாளை தொழிலாளியின் சேமலாப நிதிக் கணக்குக்கும் ஒருவன் போலி வாசல் வைக்கலாம். ஆனால் ஊவாவின் குரல் ஒரு கள்ளக் கதவின் வழியாகத்தான் அன்று கொழும்பின் மேசைகளை எட்டியது.

சம்பளச் சபை மார்ச் மாதத்தில் 900 ரூபா அடிப்படைச் சம்பளமும் 100 ரூபா கொடுப்பனவுமாக வர்த்தமானியில் அறிவித்தது. பெருந்தோட்டக் கம்பனிகள் அதை எதிர்த்து நீதிமன்றம் சென்றன.