ஒழுங்கின்மையைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள்

ஆங்கில மொழியில் ஒழுங்கின்மை, பிறழ்வு ஆகிய பொருள்களைத் தரும் சொற்கள் பல உள்ளன. இவற்றுள் பெரும்பாலானவை கிரேக்கம், இலத்தீன் ஆகிய மொழிகளிலிருந்து வந்தவை. ஒரே பொருளுடையன போலத் தோன்றினும், இவை மூலப்பொருளால் வேறுபடுகின்றன.

சொற்பிறப்பு

* இர்ரெகுலர்: "ரெகுலா" என்னும் இலத்தீன் சொல் அளவுகோலையும் விதியையும் குறிக்கும். விதிக்கு உட்படாதது என்பது பொருள். "கோ" என்னும் வினை இறந்தகாலத்தில் "வென்ட்" என மாறுவதால் அது இர்ரெகுலர் வினை எனப்படுகிறது.
* எனார்மசு: "நார்மா" என்பது இலத்தீனில் தச்சரின் மூலைமட்டம். அதனை மீறியது என்ற பொருள் பின்னர் மிகப்பெரியது என மாறியது.
* எர்ராடிக்: அலைதல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையடியிலிருந்து பிறந்தது.
* எக்சென்ட்ரிக்: கிரேக்கத்தில் "மையத்திற்கு வெளியே" எனப் பொருள்படும். வானியலில் வழங்கிய இச்சொல் பின்னர் விசித்திரமான நடத்தையுடையவரையும் குறித்தது.
* அனாமலி: சமமானது எனப் பொருள்படும் "ஹோமலோசு" என்னும் கிரேக்கச் சொல்லின் எதிர்மறை. விதியைக் குறிக்கும் "நோமோசு" இதன் வேர் எனக் கருதுவது தவறாகும்.

வானியலில்

சுற்றுப்பாதையில் கோளின் நிலையைக் காட்டும் கோணமும் அனாமலி எனப்படுகிறது. கோள்கள் சீரற்ற வேகத்தில் நகர்வதாகப் பண்டைய கிரேக்கர் கண்டதே இப்பெயருக்குக் காரணம். அவ்வேக மாற்றமும் ஒரு விதிக்கு உட்பட்டதே என்பதை யோகான்னசு கெப்லர் 1609 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விளக்கினார். ஆயினும் பழைய பெயரே நிலைத்துவிட்டது. ஆகவே இச்சொற்கள் அனைத்தையும் "ஒழுங்கற்ற" என்றே மொழிபெயர்ப்பது பொருந்தாது. துறையறிந்து பெயர்த்தல் வேண்டும்.