கடலும் சந்தையும்: கிரீன்லாந்து விலகிய வரலாறு

1973ஆம் ஆண்டு டென்மார்க் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் இணைந்தபோது, அதன் ஆட்சிக்குட்பட்ட கிரீன்லாந்தும் உடன் இணைக்கப்பட்டது. முந்தைய ஆண்டின் வாக்கெடுப்பில் அத்தீவினருள் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் எதிர்த்திருந்தனர். டென்மார்க்கின் மொத்தக் கணக்கில் அவ்வெதிர்ப்பு கரைந்துபோயிற்று. மீன்பிடி அளவை வரையறுக்கும் அதிகாரம் பிரஸ்ஸல்ஸுக்குச் சென்றது. மேற்கு ஜெர்மனியின் இழுவைக் கப்பல்கள் காட் மீனை அள்ளிச் செல்வதைத் தீவினர் பார்த்திருக்க நேர்ந்தது.

1979இல் தன்னாட்சி கிட்டியதும் விவாதம் சூடேறியது. விலகவேண்டும் என்றது சியுமுத் கட்சி; கூடாது என்றது அத்தாசுத். அவர்கள் மொழியில் முன்னது 'முன்னோக்கி' என்றும் பின்னது 'இணைப்பு' என்றும் பொருள்படும். வாக்கெடுப்புக்கு முன்பே சூட்டிய பெயர்கள்தாம். எனினும் மொழியியல் பயின்ற நமக்கு அவை விவாதத்தின் சுருக்கமாகவே படுகின்றன.

1982 பிப்ரவரி 23 அன்று சுமார் 53 விழுக்காட்டினர் விலக வாக்களித்தனர். கடினமான பகுதி அதன்பின்னரே தொடங்கியது. கடல் தமதாகலாம், பிடித்த மீனை எங்கே விற்பது? ஐரோப்பியச் சந்தையில் சுங்கவரி விதிக்கப்பட்டால் மீனையே நம்பிய பொருளாதாரம் தாங்காது. 1984இல் கையெழுத்தான உடன்படிக்கை இரண்டையும் ஒன்றாகப் பிணைத்தது: ஐரோப்பியக் கலங்களுக்குக் கடலில் போதிய இடமளிக்கும்வரை கிரீன்லாந்தின் மீனுக்குச் சுங்கவரி இல்லை; அவ்விடத்திற்கு ஐரோப்பா பணமும் செலுத்தவேண்டும். 1985 பிப்ரவரி 1 அன்று விலகல் நடைமுறைக்கு வந்தது. அயற்கலங்கள் அகலவில்லை, ஆனால் இப்போது கட்டணம் செலுத்தி வந்தன. அவ்வகை மீன்பிடி ஒப்பந்தம் காலந்தோறும் புதுப்பிக்கப்பட்டு வருகிறது.