கரம்பை மண்ணில் வந்த பானை ஓடு: அதன் வயதை யார் சொல்வது?



நம் பூங்காவுக்குப் போன கோடையில் ஒரு டிராக்டர் லோடு கண்மாய்க் கரம்பை மண் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். செம்பருத்தியும் நந்தியாவட்டையும் இன்று செழித்து நிற்பதற்கு அந்த மண்தான் காரணம். அதைக் கொட்டிய அன்று மாலையே பிள்ளைகள் அதிலிருந்து ஏழெட்டுப் பானை ஓடுகளைப் பொறுக்கி எடுத்துவிட்டார்கள். பாண்டி ஆடச் சில்லு கிடைத்த சந்தோஷம் அவர்களுக்கு. அதில் ஒரு ஓடு உள்பக்கம் கருப்பாகவும் வெளிப்பக்கம் சிவப்பாகவும் இருந்தது. யாரோ போட்டோ எடுத்து நம் வாட்ஸ்அப் குழுவில் போட, இரவு பத்து மணி வரை விவாதம் ஓடியது. "கீழடி மாதிரியே இருக்கு, ரெண்டாயிரம் வருஷம் இருக்கும்" என்றார் ஒருவர். "எங்க ஆச்சி குழம்பு வச்ச சட்டி இதே நிறம்தான்" என்றார் இன்னொருவர்.

இருவர் சொன்னதும் உண்மையாக இருக்கலாம். எது உண்மை என்று இனி கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் எனக்கு வருத்தம். அந்த வருத்தத்தில் என் பங்கும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், ஒரு ஓட்டுச் சில்லிலிருந்து விஞ்ஞானிகள் என்னவெல்லாம் கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்த்துவிடுவோம்.

கருப்பும் சிவப்பும் எப்படி வந்தது?

களிமண்ணில் இரும்புச் சத்து உண்டு. சூளையில் காற்று நன்றாகப் புழங்கினால் இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து செந்நிறம் கொடுக்கும். செங்கல் சிவப்பாக இருப்பதும் இதனால்தான். காற்று போகாமல் புகை அடைந்து நின்றால் கரி படிந்து அந்த இடம் கருக்கும். பானையைக் கவிழ்த்து அடுக்கிச் சுட்டால் உள்பக்கமும் வாய்ப்பக்கமும் காற்றில்லாமல் கருப்பாகும், வெளிப்பக்கம் சிவக்கும். இதைத்தான் கருப்பு சிவப்பு மட்கலம் என்கிறார்கள். பழைய ஊர் இருந்த மேடுகளில் தமிழகம் எங்கும் இது கிடைக்கிறது. ஆனால் நிறத்தை மட்டும் வைத்து வயது சொல்ல முடியாது. காரணம், இந்த வகைப் பானை பல நூற்றாண்டுகள் புழக்கத்தில் இருந்திருக்கிறது.

எவ்வளவு சூட்டில் சுட்டார்கள் என்பதற்கு எக்ஸ்ரே கதிர்ச் சிதறல் என்ற சோதனை இருக்கிறது. ஓட்டில் கொஞ்சத்தைப் பொடித்து எக்ஸ்ரே கதிரை விட்டால், அதில் என்னென்ன கனிமங்கள் இருக்கின்றன என்பது தெரியும். வெள்ளைக் களிமண் கனிமமான கயோலினைட் சுமார் 550 டிகிரி செல்சியஸில் கட்டமைப்பு குலைந்துபோகும். சுண்ணாம்புச் சத்தான கால்சைட் 700 முதல் 850 டிகிரிக்குள் சிதையும். முல்லைட் என்ற கனிமம் ஏறத்தாழ 1000 டிகிரிக்கு மேல்தான் உருவாகும். எது இருக்கிறது, எது காணாமல் போயிருக்கிறது என்று பார்த்தால், குயவர் தன் சூளையை எந்த அளவுக்கு எரித்தார் என்று கணக்குப் போடலாம்.

எந்த ஊர் மண்?

நான் இங்கே ஒரு நூற்பாலையில் முப்பது வருடம் தரக்கட்டுப்பாட்டு லேபில் வேலை பார்த்தவன். பஞ்சைக் கையில் எடுத்து இழை நீளமும் மைக்ரோனேரும் பார்த்தால், அது எந்த வகைப் பருத்தி என்று ஓரளவு சொல்லிவிடலாம். மண்ணுக்கும் அப்படி ஒரு அடையாளம் உண்டு. ஒவ்வொரு ஆற்றுப் படுகைக் களிமண்ணிலும் அரிதான தனிமங்கள் ஒவ்வொரு விகிதத்தில் கலந்திருக்கும். அந்த விகிதத்தை அளக்க எக்ஸ்ரே ஒளிர்வு, நியூட்ரான் செயலூட்டம் போன்ற சோதனைகள் இருக்கின்றன. இன்னொரு வழி, ஓட்டை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து மைக்ரோஸ்கோப்பில் வைத்து, களிமண்ணோடு கலந்த மணலில் என்ன பாறைத் துகள்கள் இருக்கின்றன என்று பார்ப்பது.

புதுச்சேரி பக்கம் அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தபோது, உள்ளே வட்ட வட்டமாகச் சிறு கோடுகள் உருட்டிய மெல்லிய தட்டுகள் கிடைத்தன. ரௌலட்டட் மட்கலம் என்று பெயர். ரோமானியர்கள் கொண்டுவந்த சரக்கு என்றே அவர் நினைத்தார். பல காலம் புத்தகங்களிலும் அப்படியே இருந்தது. பின்னால் தமிழகம், இலங்கை, இந்தோனேசியாவின் பாலித் தீவு ஆகிய இடங்களில் கிடைத்த இந்த ஓடுகளைச் சோதித்தபோது, எல்லாம் ஒரே வகை மண் என்று தெரிந்தது. 1997-இல் புனே டெக்கான் கல்லூரியைச் சேர்ந்த விஸ்வாஸ் கோக்டே எக்ஸ்ரே சோதனை செய்து, அந்த மண் வங்காளத்தின் சந்திரகேதுகர், தாம்லுக் பகுதி மண்ணோடு ஒத்துப்போகிறது என்று எழுதினார். ரோமிலிருந்து வந்ததாக நாம் நம்பிய தட்டு நம் நாட்டுத் தட்டாகிவிட்டது. கண்ணால் பார்த்துச் சொன்னதை மண்ணே திருத்திவிட்டது.

கீழடியில் என்ன செய்தார்கள்?

கீழடிப் பானை ஓடுகளின் மாதிரிகளைத் தமிழ்நாடு தொல்லியல் துறை, வேலூர் வி.ஐ.டி. வழியாக இத்தாலியின் பைசா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. தண்ணீர்ப் பானைகளும் சமையல் பாத்திரங்களும் அந்த வட்டாரத்து மண்ணிலேயே செய்யப்பட்டவை என்று முடிவு வந்தது. 2019-இல் துறை வெளியிட்ட அறிக்கையில் இது இருக்கிறது. ஊரிலேயே குயவர்கள் இருந்து ஊருக்கு வேண்டியதைச் செய்திருக்கிறார்கள்.

அடுத்த வருடம் வி.ஐ.டி. ஆய்வாளர்கள் இன்னொரு செய்தி சொன்னார்கள். கீழடி ஓடுகளின் உள்பக்கக் கருப்புப் பூச்சை ஆராய்ந்தபோது அதில் கார்பன் நானோ குழாய்கள் இருந்தன. தலைமுடியை விடப் பல ஆயிரம் மடங்கு மெல்லிய கரிக் குழாய்கள் அவை. 2020-இல் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் கட்டுரை வெளியானது. அதற்கு முன் பழம்பொருள்களில் இத்தகைய குழாய்கள் தெரிந்திருந்தது டமாஸ்கஸ் வாளில்தான். அதுவோ சில நூறு வருடப் பொருள். இதை வைத்து "நம் முன்னோர் நானோ தொழில்நுட்பம் படித்தவர்கள்" என்று ஒரு ஃபார்வர்டு உங்களுக்கும் வந்திருக்கும். அவர்கள் அதைத் தெரிந்து செய்திருக்க வழியில்லை. ஏதோ ஒரு தாவரச் சாற்றைப் பூசிச் சுட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். தெரியாமல் செய்திருந்தாலும், இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் மண்ணில் கிடந்தும் உதிராத பூச்சு அது. கைத்திறனுக்கு அந்தப் பெருமை போதும்.

பானையில் பால் காய்ச்சினார்களா?

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இது பிடிக்கும். சுட்ட மண்ணில் நுண்துளைகள் உண்டு. சமைக்கும்போது கொழுப்பு அதற்குள் ஊறிப் பல ஆயிரம் வருடம் தங்கிவிடும். அந்தக் கொழுப்பைப் பிரித்தெடுத்து அதிலுள்ள கார்பன் வகைகளின் விகிதத்தை அளந்தால், அது பால் கொழுப்பா, இறைச்சிக் கொழுப்பா என்று சொல்லிவிடலாம். குஜராத்தில் கோட்டடா பட்லி என்ற சிந்துவெளிக் காலச் சிற்றூரில் கிடைத்த 59 ஓடுகளை இப்படிச் சோதித்தார்கள். சுமார் 4500 வருடங்களுக்கு முன்பே அங்கே பாலைக் காய்ச்சிப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்ற முடிவு 2020-இல் வெளியானது. நம் பால்கோவாவுக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்தச் சோதனை ரொம்ப நுணுக்கமானது. வெறுங்கையால் தொட்டால் நம் விரல் எண்ணெய் ஓட்டில் ஏறிவிடும். பிளாஸ்டிக் பையில் போட்டால் பிளாஸ்டிக்கின் வேதிப்பொருள் ஒட்டிக்கொள்ளும். சோப்புப் போட்டுக் கழுவினால் கேட்கவே வேண்டாம்.

வயது எப்படித் தெரிகிறது?

கரிமக் காலக்கணிப்பு என்று எல்லாரும் கேள்விப்பட்டிருப்போம். அது ஓட்டைச் சோதிப்பதில்லை. ஓடு கிடந்த அதே அடுக்கில் கிடக்கும் கரித்துண்டையோ தானியத்தையோ சோதிப்பது. கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரி கி.மு. 580 வாக்கில் என்று அமெரிக்க ஆய்வகம் கணித்தது. அந்த ஆழத்தில் கிடந்த ஓட்டுக்கும் அதே காலம் என்று கொள்கிறோம். இங்கே ஆழம்தான் சாட்சி.

ஓட்டையே நேரடியாகச் சோதிக்கவும் வழி உண்டு. மண்ணிலும் பாறையிலும் இயற்கையாகவே லேசான கதிரியக்கம் இருக்கிறது. ஓட்டிலுள்ள மணல் துகள்கள் அதை வருடக் கணக்காகச் சேர்த்துவைக்கும். சூளையில் சுடும்போது பழைய சேமிப்பு எல்லாம் அழிந்து கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். லேபில் மறுபடி சூடாக்கினால் சேமித்ததெல்லாம் ஒளியாக வெளிவரும். அந்த ஒளியை அளந்து, கடைசியாகச் சுட்ட காலத்தைக் கணிக்கிறார்கள். வெப்ப ஒளிர்வு முறை என்று இதற்குப் பெயர். ஆனால் வருடத்துக்கு எவ்வளவு சேர்ந்தது என்று தெரிந்தால்தானே வகுக்க முடியும்? அதற்கு, அந்த ஓட்டைச் சுற்றிக் கிடந்த மண்ணின் கதிரியக்கத்தையும் அளக்க வேண்டும்.

இப்போது நம் பூங்கா ஓட்டுக்கு வாருங்கள். அது எந்தக் கண்மாயில், எந்த ஓரத்தில், எத்தனை அடி ஆழத்தில் கிடந்தது? டிராக்டர்காரருக்கே தெரியாது. மூன்று இடத்தில் அள்ளிய மண் என்று சொன்னார். மில்லில் பஞ்சு மாதிரி எடுக்கும்போது லாட் சீட்டு இல்லாவிட்டால், எவ்வளவு பெரிய மெஷினில் சோதித்தாலும் ரிப்போர்ட்டுக்கு மதிப்பில்லை. இந்த ஓட்டுக்கும் லாட் சீட்டு தொலைந்துவிட்டது.

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். அன்று இரவு அந்தக் கருப்பு சிவப்பு ஓட்டைப் பிள்ளைகளிடமிருந்து வாங்கிக்கொண்டு போய், பாத்திரம் தேய்க்கும் பவுடர் போட்டுப் பளபளவென்று தேய்த்து, டி.வி. பக்கத்தில் வைத்தவன் நான்தான். லேபில் முப்பது வருடம் இருந்தவன் செய்கிற வேலையா இது? மறுநாள் படிக்க உட்கார்ந்தபோதுதான் என்ன செய்துவிட்டேன் என்று புரிந்தது. அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் இந்தக் கட்டுரையே எழுதுகிறேன்.

நமக்கு ஏன் இதில் அக்கறை வேண்டும்?

நம் பக்கத்து வெம்பக்கோட்டையை நினைத்துப் பாருங்கள். வைப்பாற்றங்கரையில் விஜயகரிசல்குளம் மேட்டுக்காட்டில் 2022 மார்ச்சில் தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. நுண்கற்கருவிகள், கண்ணாடி மணிகள், சுடுமண் பொம்மைகள், ஏராளமான சங்கு வளையல் துண்டுகள் எல்லாம் வந்தன. பானை ஓட்டை உரசி வட்டமாக்கிய விளையாட்டுச் சில்லுகளும் வந்தன. நம் பிள்ளைகள் பாண்டி ஆட எடுத்த அதே சில்லுதான். கடலிலிருந்து இவ்வளவு தள்ளி இருக்கும் ஊரில் சங்கறுத்து வளையல் செய்திருக்கிறார்கள். அந்த மேடு யாராலும் அள்ளப்படாமல் கிடந்ததால்தான் இது நமக்குத் தெரிந்தது.

மேற்கு மலையில் இறங்கும் தண்ணீர் நம் ஊர்க் கண்மாய்களைத் தொட்டு அந்த வைப்பாற்றுக்குத்தான் போகிறது. அதன் கரையில் வெம்பக்கோட்டை மட்டும்தான் பழைய ஊர் என்று நினைக்கக் காரணமில்லை. நாம் தோட்டத்துக்கும் மனை மேடேற்றவும் லோடு லோடாக மண் வாங்குகிறோம். அதோடு சேர்ந்து எந்த ஊரின் கதை நம் காம்பவுண்டுக்குள் வந்து கொட்டுகிறதோ!

அதனால் உங்களிடம் சில வேண்டுகோள்கள். அடுத்த முறை மண் வாங்கும்போது அது எங்கே எடுத்தது என்று கேட்டு நம் சங்கத்தின் பதிவேட்டில் எழுதிவைப்போம். காட்டிலோ கண்மாய்க் கரையிலோ ஓடுகள் குவியலாகக் கிடந்தால் எடுக்க வேண்டாம். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் போட்டோ எடுத்து, செல்போனில் இடத்தைக் குறித்து, கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ சொல்லுங்கள். மண்ணுக்குள் புதைந்து கிடந்த மதிப்புள்ள பொருள் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டமே சொல்கிறது. ஏற்கெனவே கைக்கு வந்துவிட்ட ஓடாக இருந்தால் கழுவாமல் காகிதத்தில் சுற்றி வையுங்கள்.

பிள்ளைகளைத் திட்ட வேண்டாம். அவர்கள் கண்ணில்தான் அது பட்டது, நம் கண்ணில் படவில்லை. பள்ளி விடுமுறையில் ஒரு வேன் பிடித்து அவர்களைக் கீழடி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போகலாம் என்று சங்கத்திடம் கேட்டிருக்கிறேன். ஆதன், குவிரன் என்று தமிழி எழுத்தில் பெயர் கீறிய ஓடுகள் கீழடியில் கிடைத்திருக்கின்றன. யாரோ ஒருவர் "இது என் பானை" என்று எழுதிவைத்தது இத்தனை காலம் கழித்தும் நமக்குப் புரிகிறது.

நான் தேய்த்த ஓடு இப்போது கிளப் ஹவுஸ் அலமாரியில் இருக்கிறது. "இடம் தெரியாது, ஆழம் தெரியாது, வயது தெரியாது" என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறேன். அந்தப் பக்கம் போகும்போது ஒரு நிமிடம் நின்று படித்துவிட்டுப் போங்கள்.