மஞ்சள் பசுவும் நீலக் குதிரையும்

பசு மஞ்சளாக இருக்குமா? குதிரை நீலமாக இருக்குமா? கண் கண்டதை அப்படியே கை வரைவதுதான் ஓவியம் என்று கொண்டால், இவை இரண்டும் பிழைகளே. ஆயினும், 1911ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிரான்ஸ் மார்க் என்னும் ஓவியர் இவ்விரண்டையும் தீட்டினார். அவருடைய மஞ்சள் பசு இன்று நியூயார்க்கில் உள்ள கலைக்கூடம் ஒன்றிலும், நீலக் குதிரை மியூனிக்கிலும் போற்றிக் காக்கப்படுகின்றன. காட்சியின் தோற்றத்தைவிட அது உள்ளத்தில் எழுப்பும் உணர்ச்சியை முதன்மையாகக் கொண்ட இந்த மரபை எக்ஸ்பிரஷனிசம் என்பர். வரையத் தெரியாதவர்களின் புகலிடம் இது என்று சிலர் கருதுவதுண்டு. அக்கருத்துக்கு மார்க்கின் வாழ்க்கையே விடை கூறுகிறது.

மார்க் 1880இல் மியூனிக்கில் பிறந்தார். அவர் தந்தையும் ஓவியரே. 1900இல் அந்நகரக் கலைக்கழகத்தில் சேர்ந்து முறைப்படி பயின்றார். பாரிஸ் சென்று வான் கோவின் ஓவியங்களைக் கண்டு நெஞ்சம் நெகிழ்ந்தார். ஆயினும் உடனே வண்ணங்களில் புரட்சி செய்ய அவர் முற்படவில்லை. விலங்குகளின் எலும்பும் தசையும் அமைந்துள்ள முறையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அதனையே மாணவர்க்குக் கற்பித்துப் பொருளும் ஈட்டினார். பசு கழுத்தைத் திருப்பும்போது தோள் எவ்வாறு அசையும், குதிரை தலை தாழ்த்தும்போது முதுகு எவ்வாறு வளையும் என்பதெல்லாம் அவர் கைக்குப் பழகிப்போயின.

1910ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆகஸ்ட் மாக்கே என்னும் இளம் ஓவியர் அவருக்கு நண்பரானார். அதே ஆண்டில் மார்க், ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் உள்ள சிண்டெல்ஸ்டார்ப் என்னும் சிற்றூரில் குடியேறினார். அவ்வாண்டு டிசம்பரில் மாக்கேக்கு எழுதிய கடிதத்தில், நீலம் ஆண்மையும் ஆன்மிகமும் உடையது, மஞ்சள் பெண்மையும் மென்மையும் மகிழ்ச்சியும் உடையது, சிவப்பு பருப்பொருளின் கனத்தை உடையது என்று தமக்கென ஓர் இலக்கணம் வகுத்துக்கொண்டார். இவ்விலக்கணத்தை நாம் ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால், அதன் பின்னர் வண்ணம் அவருக்கு விலங்கின் தோல் நிறமாக இல்லாமல், அதன் உள்ளத்தைப் பேசும் மொழியாயிற்று.

மஞ்சள் பசுவை உற்று நோக்குவோம். பின்னங்கால்களை உதைத்துத் துள்ளுகிறது அது. பின்னே தெரியும் மலைகளின் வளைவும் அதன் உடலின் வளைவும் ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன. கறப்பவர் இல்லை, மேய்ப்பவரும் இல்லை. பசு தன் மகிழ்ச்சிக்காகவே துள்ளுகிறது. வண்ணம் எவ்வளவு புதியதாயினும், அத்துள்ளலில் எலும்பும் தசையும் பொய்க்கவில்லை.

1911இல் மார்க்கும் காண்டின்ஸ்கியும் ‘நீலக் குதிரை வீரன்’ என்னும் கலைஞர் குழுவைத் தோற்றுவித்தனர். 1913இல் மார்க் தீட்டிய ‘விலங்குகளின் விதி’யிலோ காடு சிதைகிறது, விலங்குகள் அஞ்சி ஒடுங்குகின்றன. மறு ஆண்டே போர் மூண்டது. 1916 மார்ச் 4ஆம் நாள், வெர்டன் போர்முனையில் தமது 36ஆம் வயதில் மார்க் மாண்டார். பின்னர் அவ்வோவியத்தின் ஒரு பகுதி தீயில் கருகியது. நண்பர் பால் க்ளே 1919இல் அதனைச் செப்பனிட்டார். தாம் தீட்டிய பகுதியை மங்கிய பழுப்பு நிறத்திலேயே விட்டார். 1937இல் நாஜி அரசினர் ‘சீரழிந்த கலை’ என்று இழித்துக் காட்டிய ஓவியங்களுள் மார்க்கின் ‘நீலக் குதிரைகளின் கோபுரம்’ என்பதும் ஒன்று. பிற்காலத்தில் அது காணாமற்போயிற்று.

ஆயினும் அத்தோழர்களின் கலை நம் நாட்டையும் எட்டியது. 1922 டிசம்பரில் கல்கத்தாவில் நடந்த கண்காட்சியில் காண்டின்ஸ்கி, க்ளே ஆகியோரின் படைப்புகள் இடம்பெற்றன.

நம் இல்லத்துச் சிறுவர் பசுவுக்கு மஞ்சள் தீட்டினால் நாம் கடிந்துகொள்ள வேண்டுவதில்லை. அருகில் உள்ள தொழுவத்துக்கு அழைத்துச் சென்று, பசு எவ்வாறு நிற்கிறது, எவ்வாறு நடக்கிறது என்று பொறுமையாகப் பார்க்கச் செய்தால் போதும். வண்ணத்தை அவர்களே தேர்ந்துகொள்வார்கள்.