கப்பல் காத்திருப்பதில்லை

2024ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், ஓர் அதிகாலை மூன்று மணியளவில் எனது கைத்தொலைபேசி ஒலித்தது. அந்த நேரத்தில் வரும் அழைப்பு பெரும்பாலும் மரணச் செய்தியாகவே இருக்கும் என்பது பத்திரிகைத் தொழில் எனக்குக் கற்றுத்தந்த அனுபவம். நடுக்கத்துடன்தான் எடுத்தேன். மறுமுனையில் கனடாவில் வசிக்கும் எனது மருமகள். அமெரிக்காவின் ஃபோர்ட் லாடர்டேல் விமான நிலையத்திலிருந்து பேசினாள்.

"மாமா, கப்பல் போயிருச்சு. அம்மா ஒண்ணும் பேசாம உக்காந்திருக்காங்க. நீங்க கொஞ்சம் பேசுங்க."

அவளுடைய அம்மா எனக்கு அக்கா முறை. பெரியப்பாவின் மூத்த மகள். அறுபது வயதை எட்டிய தாயை ஒரு வாரக் கப்பல் உல்லாசப் பயணத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பது மகளின் நெடுநாள் ஆசை. கனடாவின் கடுங்குளிரிலிருந்து தப்பி, கரீபியன் கடலின் இளவெயிலில் நத்தார் விடுமுறையைக் கழிப்பது அங்கு வாழும் நம்மவர்களிடையேயும் இப்போது பரவியிருக்கும் வழக்கம். கப்பலுக்கான பணத்தை மாதாமாதம் சேர்த்துக் கட்டியிருந்தாள். விமானத்துக்கு மட்டும் ஆகக் குறைந்த கட்டணத்தில், இணையத்தில் தனியாகச் சீட்டு வாங்கினாள். காலை பதினொரு மணிக்கு இறங்கியிருக்க வேண்டிய விமானம் பிற்பகல் மூன்றரைக்கு இறங்கியது. கப்பல் நான்கு மணிக்குப் புறப்பட்டது. அதன் வாயில் அதற்கு வெகுநேரம் முன்னதாகவே மூடப்பட்டுவிட்டது. துறைமுகம் விமான நிலையத்துக்கு அருகிலேயே இருப்பதால், இறங்கும்போது சாளரத்தின் வழியே கப்பலைக் கண்டார்களாம்.

இதை நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. அக்கா தன் வாழ்நாளில் ஏறிய ஒரே கப்பல் 1982இல் தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரம் சென்ற கப்பல்தான். இது இரண்டாவதாக இருந்திருக்க வேண்டும். எங்கள் குடும்பத்துக்கும் கப்பலுக்கும் உள்ள உறவை எண்ணியபடி அன்று விடியும்வரை விழித்திருந்தேன். பயணச்சீட்டு மலிவாகும்போது, குறைந்த பணத்துக்கு ஈடான அபாயம் எங்கே போகிறது என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது. அதற்கான விடை நம் மக்களின் வரலாற்றிலேயே இருக்கிறது.

ஒரு காலத்தில் சென்னை எழும்பூரில் வாங்கிய ஒரே சீட்டில் கொழும்புக் கோட்டைவரை வர முடிந்தது. 'போட் மெயில்' என்று வழங்கிய அந்தப் புகையிரதம் தொடக்கத்தில் தூத்துக்குடிவரை ஓடியது. அங்கிருந்து கொழும்புக்கு நீராவிக் கப்பல். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் வழி மாறியது. தனுஷ்கோடிவரை புகையிரதம், தலைமன்னார்வரை குறுகிய கடற்பயணம், அங்கிருந்து மீண்டும் புகையிரதம். வண்டியின் நேரமும் கப்பலின் நேரமும் ஒன்றையொன்று பார்த்து வகுக்கப்பட்டிருந்தன. தென்னிந்திய ரயில்வேயும் இலங்கை அரசாங்க ரயில்வேயும் சேர்ந்து நடத்திய சேவை அது. சீட்டு ஒன்றாக இருந்ததால் பொறுப்பும் ஒன்றாக இருந்தது. இடையில் எங்கு தாமதம் நேர்ந்தாலும், பயணியைக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டிய கடமை சீட்டு விற்றவரிடமே இருந்தது.

ஆனால் அதே கடலை அதைவிட மலிவாகக் கடந்தவர்களும் இருந்தார்கள். அவர்கள்தான் எங்கள் முன்னோர். ஊவா மலைகளில் முதலில் கோப்பியும் பின்னர் தேயிலையும் பயிரிடத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். 1864இல் அவ்வாறு தொழிலாளரை ஏற்றிவந்த ஆதிலட்சுமி என்ற கப்பல் மூழ்கி நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டதை மலையக வரலாற்று நூல்கள் பதிவு செய்திருக்கின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'டின் டிக்கெட்' என்ற தகரச் சீட்டு முறை வந்தது. மாவட்டத்தையும் தோட்டத்தையும் குறிக்கும் எழுத்தும் எண்ணும் பொறித்த தகரத் துண்டைக் கழுத்தில் அணிந்துகொண்டால் போதும். கையில் காசு இல்லாமலே ஊரிலிருந்து தோட்டம்வரை வந்துவிடலாம்.

பார்வைக்கு அது இலவசப் பயணம். வந்து சேர்ந்த பின்னரே அதன் விலை தெரிந்தது. வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறி, அங்கிருந்து கங்காணியின் கணக்குக்கு வந்து, கடைசியில் தொழிலாளியின் கடனாக நின்றது. அந்தக் கடன் தீராமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. கடன் தொகையை எழுதிய 'துண்டு' கையில் இருந்தால்தான், அதைச் செலுத்தி வேறொரு தோட்டம் அவரை எடுத்துக்கொள்ளும். 1921இல் இந்தத் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. வாங்கும்போது குறைந்த விலையுடைய சீட்டு, எஞ்சிய விலையைப் பின்னர் பயணியிடமே வசூலிக்கும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்றை நான் அறியேன். இன்றைய விமானப் பயணிக்கும் அந்தத் தொழிலாளிக்கும் ஒப்பே இல்லை என்பதை உணர்ந்தே சொல்கிறேன். ஒருவர் விருப்பத்தின்பேரில் செல்கிறார்; மற்றவர் பஞ்சத்துக்குத் தப்பி வந்தார். ஆயினும் கணக்கின் வழி ஒன்றுதான்.

1964 ஒக்டோபர் 30ஆம் தேதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. நாடற்றவர்களாக இருந்த ஏறத்தாழ 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வதென 1974இல் தீர்மானித்தார்கள். முதல் ஒப்பந்தம் கைச்சாத்தாகி இரண்டு மாதங்கள்கூட ஆகவில்லை. 1964 டிசம்பர் 22 நள்ளிரவையொட்டி வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் வண்டியை, அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோருடன் கடல் கொண்டுபோயிற்று. அதன்பின் கப்பல் இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடியது. இலட்சக்கணக்கான மலையக மக்கள் 'இராமானுஜம்' என்ற கப்பலில் ஏறித் தாங்கள் கண்டிராத தாயகத்துக்குத் 'திரும்பினார்கள்'. அவர்களை மலைநாட்டிலிருந்து ஏற்றிச்சென்ற புகையிரதத்துக்கு எங்கள் மக்கள் இட்ட பெயர் 'அழுகைக் கோச்சி'.

எங்கள் வீட்டில் அப்பா இலங்கைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். பெரியப்பா இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்தார். 1982இல் அவருடைய குடும்பம் எல்ல நிலையத்தில் கோச்சி ஏறியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. இன்று அந்தப் பக்கத்துக்கு வரும் வெளிநாட்டவர்கள் ஒன்பது வளைவுப் பாலத்தில் நின்று புகைப்படம் எடுக்கிறார்கள். அன்று அந்த மேடையில் ஒப்பாரி மட்டுமே கேட்டது. பொல்காவலையில் இறங்கித் தலைமன்னார் வண்டிக்கு மாற வேண்டும். ஒரு நாள் முன்னதாகப் போனால் போதும் என்று அப்பா சொன்னார். பெரியப்பா இரண்டு நாட்கள் முன்னதாகவே புறப்பட்டார். கையெழுத்துப் போட மட்டுமே அறிந்த அவர் அப்பாவிடம் சொன்ன வார்த்தைகள் இன்றும் காதில் இருக்கின்றன:

"கோச்சி பிந்தும். மண் சரியும், மாடு குறுக்க நிக்கும், எதுவும் நடக்கும். கப்பல் நமக்காக நிக்காது தம்பி."

விசா முடிவதற்குள் கடலைக் கடந்தாக வேண்டிய மனிதர் அவர். பெட்டி படுக்கைகளுடன் தலைமன்னார் இறங்குதுறையில் இரண்டு இரவுகள் தரையில் படுத்திருந்ததாக அக்கா பின்னர் கடிதம் எழுதினார். கப்பலில் ஏறினார்கள், நீலகிரி மாவட்டம் கோத்தகிரியில் மீண்டும் தேயிலைக் கொழுந்தையே பறித்தார்கள்.

எங்கள் சித்தப்பா அவ்வாறு முந்திக்கொள்ளவில்லை. அவரும் இந்தியக் கடவுச்சீட்டைப் பெற்றிருந்தார். தமக்குச் சேரவேண்டிய பணம் கைக்கு வந்ததும் போகலாம் என்று காத்திருந்தார். 1984இல் போரின் காரணமாகக் கப்பல் சேவை நின்றது. இந்தியக் குடியுரிமை பெற்றும் கடலைக் கடக்க இயலாமல் இலங்கையில் தங்கிப்போனவர்கள் 80,000க்கும் மேற்பட்டோர். இங்கு வாக்குரிமை இல்லை. அங்கு போக வழி இல்லை. 2003 ஒக்டோபரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம்தான் அவர்களுக்கு இலங்கைக் குடியுரிமைக்கு வழி திறந்தது. சித்தப்பாவின் இந்தியக் கடவுச்சீட்டு பத்தொன்பது ஆண்டுகள் தகரப் பெட்டிக்குள் கிடந்தது. கப்பலைத் தவறவிட்டதால் பிறந்த மண்ணிலேயே குடிமகனானவர் என்று நாங்கள் வேடிக்கையாகச் சொல்வோம். அவர் ஒருபோதும் சிரித்ததில்லை.

அன்றைய அபாயம் அரசுகளால் வந்தது. இன்றைய அபாயம் வணிகத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. மலிவு விமான நிறுவனம் ஓர் ஊரிலிருந்து மறு ஊருக்கு இருக்கையை மட்டும் விற்கிறது. அதற்கப்பால் நீங்கள் எங்கே போகிறீர்கள் என்பது அதன் கணக்கில் இல்லை. குறைந்த விமானங்களை இடைவிடாமல் பறக்கவிடுவதால்தான் கட்டணம் குறைகிறது. அதனாலேயே காலையில் ஓரிடத்தில் பனியால் ஏற்படும் தாமதம் மாலைவரை தொடர்கிறது. ஒரு விமானம் ரத்தானால் அடுத்தது மறுநாளாகவோ அதற்கும் பிந்தியோ இருக்கலாம். நத்தார்க் காலத்தில் அதிலும் இடம் இருக்காது. கப்பல் நிறுவனமோ, நீங்கள் தனியாக வாங்கிய விமானச் சீட்டுக்குப் பொறுப்பேற்பதில்லை. இரண்டு ஒப்பந்தங்கள்; நடுவிலுள்ள இடைவெளி முழுவதும் பயணியின் தலையில்.

நிறுவனமே வீழ்ந்த சம்பவங்களும் உண்டு. மலிவு விமானப் பயணத்தின் முன்னோடியான ஃப்ரெடி லேக்கர் 1977இல் லண்டன் - நியூயோர்க் சேவையைத் தொடங்கினார். 1982 பெப்ரவரியில் அவரது நிறுவனம் ஒரே நாளில் நின்றபோது ஆயிரக்கணக்கானோர் நடுவழியில் தவித்தனர். நம் நாட்டில் 2007இல் தொடங்கிய மிஹின் லங்கா மறு ஆண்டே சிறிது காலம் பறப்பதை நிறுத்தியது. 2016இல் முற்றாக மூடப்பட்டது. இந்தியாவில் கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்தில் நின்றது.

மார்கழிக் கடலும் வானும் யாருக்கும் கட்டுப்பட்டவையல்ல. 2023 ஒக்டோபர் 14ஆம் தேதி நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பெரும் ஆரவாரத்துடன் தொடங்கிய கப்பல் சேவை, வடகீழ்ப் பருவமழையை முன்னிட்டு ஒரு வாரத்துக்குள் நிறுத்தப்பட்டது. 2024 ஓகஸ்டில்தான் மீண்டும் ஓடியது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இலங்கையைத் தாக்கி 600க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டபோது, பதுளை மாவட்டம் மண்சரிவுகளால் சிதைந்தது. மலையகப் புகையிரதப் பாதை பல இடங்களில் அறுந்தது. 'மண் சரியும்' என்று பெரியப்பா சொன்னது மிகைப்பேச்சல்ல என்பதை அப்போது மீண்டும் கண்டேன்.

ஆகவே, வெளிநாடுகளில் வாழும் வாசகர்களுக்குச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். கப்பல் புறப்படும் நாளன்று காலையில் போய் இறங்கும் விமானத்தை நம்பாதீர்கள். குறைந்தது ஒரு நாள், பனிக்காலத்தில் இயன்றால் இரண்டு நாட்கள் முன்னதாகத் துறைமுக நகரை அடையுங்கள். ஒரு விடுதி இரவின் செலவு, முழுப் பயணத்தையும் இழப்பதைவிடக் குறைவு. இயன்றவரை விமானத்தையும் கப்பல் நிறுவனத்தின் மூலமே ஒழுங்கு செய்யுங்கள். கட்டணம் சற்றுக் கூடினாலும், தாமதம் நேர்ந்தால் உங்களைக் கப்பலில் சேர்ப்பதற்கு யார் பொறுப்பு என்பதைப் பணம் கட்டுமுன் எழுத்தில் கேட்டுக்கொள்ளலாம். பயணக் காப்புறுதி எடுப்பவர்கள், தவறவிட்ட இணைப்புக்கு எத்தனை மணி நேரத் தாமதத்தின் பின் பணம் கிடைக்கும் என்ற வரியைத் தேடிப் படியுங்கள். மருந்துகளும் கடவுச்சீட்டும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

தலைமன்னார் இறங்குதுறைவரையான புகையிரதப் பாதை போரில் அழிந்து, 2015 மார்ச்சில் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த ஆண்டே அங்கு சென்று பார்த்தேன். வண்டி வந்து நின்றது. கப்பல் எதுவும் இல்லை. பெரியப்பா படுத்திருந்த இடம் எதுவாக இருக்கும் என்று தேடி, தெரியாமல் திரும்பினேன்.

அந்த அதிகாலையில் மருமகள் தொலைபேசியை அக்காவிடம் கொடுத்தாள். ஆறுதல் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. சற்று நேரம் கழித்து அவரே பேசினார்.

"அப்பா இருந்திருந்தா நேத்தே கூட்டிட்டு வந்திருப்பாரு, தம்பி. தரையில படுக்க வச்சாவது ஏத்திவிட்டிருப்பாரு."

மகளைக் கடிந்துகொள்ளவில்லை, கட்டிய பணத்தைப் பற்றியும் பேசவில்லை. அடுத்த ஆண்டு போகலாம் என்று நான் சொன்னேன். "பாப்போம்" என்றார்.