பட்டாளத்துப் பாதிரியார் தொடங்கிய பள்ளி

1862 அக்டோபர். அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவே, மிசிசிப்பி மாநிலத்துக் கோரிந்த் நகரை மீட்கத் தென் மாநிலப் படை பாய்ந்து வந்தது. எதிர்த்து நின்ற வடவர் அணியில் ஐந்தாம் மினசோட்டா ரெஜிமென்ட்டும் ஒன்று. அதன் பாதிரியார் ஜான் அயர்லாந்துக்கு வயது 24. குருப்பட்டம் பெற்று ஓராண்டுகூட ஆகவில்லை. தோட்டா தீர்ந்து வீரர்கள் தவித்தபோது அவரே தோட்டாக்களைச் சுமந்துபோய்க் கொடுத்தார் என்று பின்னாளில் கதை பரவியது. கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். பட்டாளத்துக் கதைகள் அப்படித்தான்.

உடல்நலம் கெட்டு மறு ஆண்டே அவர் படையை விட்டு வந்துவிட்டார். பட்டாளம்தான் அவரை விடவில்லை.

1884-இல் செயின்ட் பால் நகரின் ஆயரானார். அடுத்த ஆண்டே மிசிசிப்பி ஆற்றோரம் ஒரு பள்ளியைத் திறந்தார்: 62 மாணவர்கள், 5 ஆசிரியர்கள். அந்த நிலத்துக்கும் ராணுவ வாசனை உண்டு. காவல் பணியில் தன் கையையே தவறுதலாகச் சுட்டுக்கொண்ட வில்லியம் ஃபின் என்ற படைவீரருக்கு ஈட்டுத்தொகையாகக் கிடைத்த நிலம் அது! 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே சீருடையும் துப்பாக்கி டிரில்லும் வந்தன.

ஜெபமும் டிரில்லும் ஒரே வளாகத்தில் எதற்கு? அயர்லாந்து நாட்டின் பெரும் பஞ்சத்துக்குப் பின் அமெரிக்காவில் குடியேறிய கத்தோலிக்கர்கள் மீது ஒரு பழி இருந்தது: இவர்களின் விசுவாசம் போப்புக்கா, அமெரிக்கக் கொடிக்கா? கத்தோலிக்கருக்கு ஓட்டுப் போட மாட்டோம், வேலை கொடுக்க மாட்டோம் என்று சத்தியம் வாங்கிய அமெரிக்கப் பாதுகாப்புச் சங்கம் 1887-இல் முளைத்தது பக்கத்து மாநிலமான அயோவாவில்தான். இதற்கு மாறாக, கத்தோலிக்கர் அமெரிக்க வாழ்வோடு முழுதாகக் கலக்க வேண்டும் என்று மேடை மேடையாக முழங்கியவர் ஜான் அயர்லாந்து. அந்த வேகம் ரோமுக்கே பிடிக்கவில்லை. 1899-இல் போப் பதின்மூன்றாம் லியோ 'அமெரிக்கவாதம்' பற்றி எச்சரித்துக் கடிதமே எழுதினார். சந்தேகப்பட்டவர்களுக்கு அந்தப் பள்ளிப் பையன்களின் அணிவகுப்பே பதிலாக இருந்தது என்றுதான் தோன்றுகிறது.

அந்தப் பதிலுக்கு உயிரையே விலையாகக் கொடுத்தவர்களில் ஒருவர் ரிச்சர்ட் பிளெமிங். 1935-இல் இங்கே படித்து முடித்து, மெரைன் படை விமானியானார். 1942 ஜூன் 4, மிட்வே போர். தளபதியின் விமானம் வீழ்ந்ததும் தலைமையைத் தானே ஏற்றுத் தாக்கினார். தரையிறங்கியபோது அவர் விமானத்தில் 179 இடங்களில் குண்டு துளைத்திருந்தது. மறுநாள் மீண்டும் பறந்தார்; ஜப்பானியப் போர்க்கப்பல் மிகுமாவைத் தாக்கும்போது கடலில் விழுந்து இறந்தார். வயது 24. நாட்டின் மிக உயர்ந்த வீரப்பதக்கத்தை அதிபர் ரூஸ்வெல்ட்டிடமிருந்து தாய் பெற்றுக்கொண்டார்.

1965-இல் பள்ளி மட்டும் ஆற்றைக் கடந்து மெண்டோட்டா ஹைட்ஸுக்குப் போனது. அந்தப் பள்ளியிலிருந்தே வளர்ந்து, பழைய வளாகத்தில் நின்ற கல்லூரி இன்று செயின்ட் தாமஸ் பல்கலைக்கழகம். 1977 முதல் அங்கே பெண்களும் படிக்கிறார்கள். செயின்ட் தாமஸ் அகாடமி என்ற பெயரில் நடக்கும் அந்தப் பள்ளியோ இன்றும் ஆண்களுக்கு மட்டும்தான். சீருடையும் அப்படியே இருக்கிறது.